புல்லின் படம்

எட்டாம் நம்பர் மேசை என்னுடையது.
பொட்டலத்தின் நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்டும் வேலை.
வைட்ஃபீல்டில் கிடங்கு, உள்ளே நாலு டிகிரி,
இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் வெள்ளை அங்கி.

ஸ்டிக்கரில் புல் இருக்கிறது,
பனித்துளியோடு,
ஒவ்வொரு தாளும் தலைசீவி விட்ட மாதிரி.
மாடு இல்லை.
கொம்பின் நுனிகூட இல்லை.
வரைந்த பையனிடம் ஒருநாள் கேட்டேன்.
"அது வேண்டாம்னுட்டாங்கக்கா" என்றான்
எது என்று சொல்லாமல்.

புல்லுக்குக் கீழே பொடி எழுத்தில் நன்மைகள்.
இரும்புச்சத்து. நல்ல கொழுப்பு.
ஒமேகா என்று ஏதோ, அதற்கு ஒரு மூன்று.
தானியம் தொடாதது. ஊசி போடாதது.
வெயிலில் நடந்தது.
கிலோ ஆயிரத்து இருநூறு.
ஒரு ஷிப்டில் எண்ணூறு முறை படிக்கிறேன்.
ஜெபம்கூட அத்தனை முறை சொன்னதில்லை.

எனக்கு ரத்தம் ஏழு புள்ளி எட்டு.
அல்சூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா
பீட்ரூட் என்றார், பேரீச்சை என்றார்,
முருங்கைக்கீரை, மாதுளை, கறுப்பு திராட்சை,
வெல்லம்கூட வந்துவிட்டது சீட்டில்.
பேனாவை மூடி வைத்துவிட்டு
என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தபடி
"நீங்க அதெல்லாம் சாப்பிடுவீங்கன்னா
அதுவும்" என்றார்.
அது.
பையன் சொன்ன அதே அது.

ஞாயிறு பூசை முடித்து சிவாஜி நகர் போனேன்.
நயாஸ் பாய் கடையில் ஸ்டிக்கர் கிடையாது.
தொடை தொங்கும், ஈ உட்காரும், ரேடியோ ஓடும்.
"இது என்ன தின்னுச்சு பாய்?"
கத்தி பாதியில் நின்றது.
"எருமைம்மா. பிரியாணியா தின்னும்?"
பிறகு பாவம், கொஞ்சம் யோசித்து,
"வர்த்தூர் சைடு. ஏரிப் புல்லு."

வர்த்தூர் ஏரியை எனக்குத் தெரியும்.
கம்பெனி பஸ் அதன் ஓரமாய்த்தான் போகும்.
நுரை ரோட்டுக்கு ஏறி வந்த நாட்களில்
டிரைவர் வைப்பர் போட்டிருக்கிறார்.
அந்தக் கரையில் ஹனுமக்கா புல் அறுப்பாள்,
முழங்கால் சேற்றில், முந்தானையால் மூக்கை மூடி.
பஸ் பழுதான ஒருநாள் பெயர் கேட்டுக்கொண்டேன்.
நகரம் குளித்த தண்ணீர், துவைத்த தண்ணீர்,
வாய்விட்டுச் சொல்லாத தண்ணீர்
எல்லாம் குடித்து ஆளுயரம் நிற்கும் புல்.
ஸ்டிக்கரில் இருப்பதைவிடப் பச்சை.
கட்டு முப்பது ரூபாய்.

யோசித்துப் பார்த்தால்
என் எருமையும் தானியம் தொட்டதில்லை,
வாங்கிப் போட யாரிடம் காசு.
வெயிலில் நடந்திருக்கிறது,
சர்ஜாபூர் ரோட்டில், ஹாரன்களுக்கு நடுவே,
யாருக்கும் ஒதுங்காமல்.
ஏரியில் இரும்பும் இருக்கும்,
பெயர் தெரியாத மற்றதும் இருக்கும்.
எது என் குழம்புவரை வந்தது என்று எழுத
அந்த ஸ்டிக்கரில் இடம் போதாது.

புல் தின்ற பசுவுக்குக் கொழுப்பு மஞ்சளாம்,
சூப்பர்வைசர் சொன்னார்.
எருமைக்கு மட்டும் எத்தனை புல் தின்றாலும் வெள்ளைதானாம்.
தின்றதை உள்ளேயே மாற்றி வைத்துக்கொள்ளுமாம்,
காட்டிக்கொடுக்காதாம்.
அன்றிலிருந்து அதன்மேல் ஒரு மரியாதை.

எலும்போடு அரைக் கிலோ, வாரம் இரண்டு முறை.
மிளகு தூக்கலாக, தேங்காய்ப் பல் கீறிப் போட்டு.
ஐந்து விசில். ஜன்னல் திறந்தேதான் இருந்தது.
பீட்ரூட் ஒருநாள் வாங்கினேன், பொய் சொல்லக்கூடாது.
அது கூடையிலேயே முளை விட்டது.

மூன்று மாதம் கழித்து பத்து புள்ளி ஒன்று.
டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
"பரவாயில்லையே ஜெசிந்தா! என்ன சாப்பிட்டீங்க?"

"புல்லு டாக்டர்" என்றேன்.

சிரிக்கவில்லை.
எந்தக் கீரை என்று கேட்டு
எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்தார்.